தப்பு என் மேல் இல்லை என்கிறார் எதிர் வண்டிக்காரர்: சின்ன கார் மோதல் தகராறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாருக்கும் காயம் இல்லை. பம்பர் நெளிந்திருக்கிறது, ஹெட்லைட் உடைந்திருக்கிறது, எதிர் வண்டிக்காரர் "தப்பு உங்க மேலதான்" என்கிறார். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே ஒரு முறை மாட்டிக்கொண்டபோது கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆதாரம் சேர்க்கும் விதம் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். அப்படியானால் எனக்கு நஷ்ட ஈடு கிடைக்காதா?

கிடைக்கலாம். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளத் தேவையே இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதி டென்ஷன் குறைந்துவிடும்.

தப்பு யாருடையது என்று முடிவெடுப்பவர் எதிர் வண்டிக்காரர் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், இரண்டு தரப்பும் எழுதிக்கொடுத்ததையும் படங்களையும் சேதத்தையும் வைத்து முடிவெடுப்பார். அதில் சரிப்படாவிட்டால் நீதிமன்றத்தில் இன்னொருவர். இருவருமே மோதல் நடந்த இடத்தில் இல்லாதவர்கள். நீங்கள் யாருக்குப் புரிய வைக்க வேண்டுமோ அவர் ரோட்டில் இல்லை. பிறகு ரோட்டில் நின்று கத்தி என்ன பயன்? நான் பத்து நிமிடம் கத்தினேன். அந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் நம்பரை வாங்கியிருந்தால் என் வழக்கு ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்று: இது கொலை வழக்கு இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயச் சட்ட வழி வந்த நாடுகளில் இந்த மாதிரி உரிமையியல் (சிவில்) விவகாரத்தில் "எது நடந்திருக்க அதிக வாய்ப்பு" என்றுதான் பார்ப்பார்கள். தராசு உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலே போதும்.

அந்த இடத்திலேயே "என் தப்புதான், சரி பண்ணிக் கொடுத்துடறேன்" என்றவர், மறுநாள் அப்படியே மாற்றிப் பேசுகிறாரே?

சர்வ சாதாரணமாக நடப்பது. வீட்டுக்குப் போனதும் யாராவது "ஏன் ஒத்துக்கிட்ட?" என்று கேட்டிருப்பார்கள். நிறைய பாலிசிகளில், நிறுவனத்தைக் கேட்காமல் தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனையும் உண்டு. அதனால் இதைத் துரோகமாக எடுத்துக்கொண்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்றைக்கே மரியாதையாக ஒரு மெசேஜ் அனுப்பி வைப்பதுதான் சரியான வழி. "வணக்கம் சார், இன்று மாலை 5.40க்கு நீங்கள் ரிவர்ஸ் எடுத்தபோது என் வண்டியின் முன்பக்கம் சேதமானது பற்றிப் பேசினோம். ரிப்பேர் மதிப்பீடு கிடைத்ததும் அனுப்புகிறேன்." அவ்வளவுதான். திட்டு வேண்டாம், மிரட்டல் வேண்டாம். "எவ்வளவு ஆகும்?" என்று ஒரு வரி பதில் வந்தால்கூட, ரிவர்ஸ் எடுத்ததை அவர் அப்போது மறுக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

நான் பதற்றத்தில் "ஸாரி" சொல்லிவிட்டேன். அது என் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா?

அந்த ஒரு சொல்லால் மட்டும் ஆகாது. இங்கிலாந்தில் 2006இல் வந்த இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று நேராகவே சொல்கிறது. அதே ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மன்னிப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம். "அடி பட்டுச்சா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பது மனிதத்தன்மை, தயங்காமல் கேளுங்கள். "நான்தான் கவனிக்கல" என்பது வேறு வகை வாக்கியம். அதை ரோட்டில் சொல்ல வேண்டாம்.

மோதிய உடனே என்னென்ன படம் எடுக்க வேண்டும்?

முதலில் ஹசார்டு லைட். யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழுத்து வலி சில சமயம் மறுநாள்தான் தெரியும், அப்படித் தெரிந்தால் டாக்டரைப் பார்த்து அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வண்டி நிற்கும் இடம் ஆபத்தானது என்றால் படத்தைவிட உயிர் முக்கியம், நகர்த்திவிடுங்கள். ஆபத்தில்லை என்றால், நகர்த்துவதற்கு முன் இருபது முப்பது நொடி கிடைத்தாலும் போதும்.

எல்லோரும் நெளிவைக் கிட்டப்போய் எடுக்கிறார்கள். நெளிவு நாளைக்கும் அங்கேதான் இருக்கும். நாளைக்கு இருக்காதது எது என்று யோசித்து அதை எடுங்கள். இரண்டு வண்டிகளும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன, சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ரோட்டுக் கோடு எங்கே இருக்கிறது, உடைந்த கண்ணாடியும் காய்ந்த சேறும் எங்கே கொட்டியிருக்கிறது, எந்த விளக்கு எரிகிறது. நான்கு மூலைகளிலிருந்தும் தள்ளி நின்று ஒவ்வொரு படம். அப்புறம் கிட்டப் போகலாம்.

என் கதையைச் சொல்கிறேன். பார்க்கிங்கை விட்டு வெளியேறும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் இருந்த கார் பின்னால் உருண்டு வந்து என் முன்பக்கத்தில் இடித்தது. அவர் இறங்கி வந்து, நான்தான் பின்னாலிருந்து வந்து இடித்தேன் என்றார். பின்னால் இருப்பவர் மேல்தான் தப்பு என்பது எல்லோர் மனதிலும் ஊறிய விஷயம், அதனால் சுற்றி இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். என் காரில் டேஷ்கேம் (ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா) இல்லை. போனில் மூன்று படம் எடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது படத்தில் அவருடைய காரின் பின்பக்கம், சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று. ரிவர்ஸ் லைட். இடித்த வேகத்தில் அவர் கிளச்சை விட்டிருக்கிறார், என்ஜின் நின்றுவிட்டது. கியர் ரிவர்ஸிலேயே இருக்கிறது, சாவியையும் அணைக்கவில்லை. அப்படியே இறங்கி வந்து என்னோடு சண்டை போட்டிருக்கிறார். அவர் காருக்குப் பக்கத்தில் நிற்பதும் அதே படத்தில் விழுந்திருந்தது. ரோட்டில் நிற்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. படம்தான் கவனித்தது. என் பக்கம் தீர்ப்பானதற்கு அந்த ஒரு படம்தான் காரணம்.

அந்தப் படங்களை அசல் கோப்பாகவே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் இடம் பற்றிய தகவலும் போய்விடும். அனுப்ப வேண்டும் என்றால் டாக்குமென்டாகவோ ஈமெயிலிலோ அனுப்புங்கள்.

சாட்சி யாரும் இல்லை. வண்டியே சாட்சி சொல்லுமா?

ஓரளவு சொல்லும். பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு கீழே அமுங்கும். அதனால் கடைசி நொடியில் பிரேக் அடித்துக்கொண்டே பின்னாலிருந்து மோதிய காரின் தடம், அந்தக் கார் நிற்கும்போது அதன் பம்பர் இருக்கும் உயரத்தைவிடக் கொஞ்சம் கீழே பதியும். இரண்டு காரையும் சமதளத்தில் நிறுத்தி டேப்பால் அளந்து பார்க்கலாம். உயரம் ஒத்துப்போவதால் மட்டும் எதுவும் முடிவாகிவிடாது, மற்றதோடு சேர்ந்து பேசும்.

பக்கவாட்டில் உரசியிருந்தால் கீறலின் திசையைப் பாருங்கள். ஆரம்பிக்கும் இடத்தைவிட முடியும் இடத்தில் பெயின்ட் சுருண்டு குவிந்திருக்கும். உங்கள் கதவில் கீறல் பின்னாலிருந்து முன்னால் போகிறது என்றால், அவர் உங்களைவிட வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தார் என்று பொருள். முன்னாலிருந்து பின்னால் போனால் நீங்கள் வேகமாக இருந்தீர்கள், அல்லது அவர் நின்றிருந்தார். யார் லேன் மாறினார் என்பதைக் கீறல் மட்டும் சொல்லாது. அதற்கு ரோட்டுக் கோட்டோடு எடுத்த படம் வேண்டும்.

"அவர் இண்டிகேட்டரே போடல" என்ற சண்டைக்கும் பழைய கார்களில் ஒரு தடயம் உண்டு. இழை பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது பலமாக அடி விழுந்தால், சூடான இழை இளகி நீண்டுபோகும். அணைந்திருந்த பல்பில் அப்படி ஆகாது. விபத்து ஆய்வாளர்கள் இதைப் பார்ப்பார்கள். எல்இடி விளக்கில் இந்த வசதி இல்லை.

காருக்குள்ளேயே "கருப்புப் பெட்டி" இருக்குமே என்று கேட்கிறார்கள். நிறைய புதிய கார்களில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். மோதலுக்கு முந்தைய 5 நொடியின் வேகம், பிரேக் எல்லாம் அதில் பதியும். ஆனால் அது பதியத் தொடங்குவதற்கு ஒரு குறைந்தபட்ச அடி தேவை. அமெரிக்க விதிப்படி, 150 மில்லி நொடிக்குள் காரின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவாவது மாறியிருக்க வேண்டும். பார்க்கிங் உரசல்கள் பலவும் அந்த அளவைத் தொடாது. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

டேஷ்கேம், சிசிடிவி வீடியோ எவ்வளவு உதவும்?

இருந்தால் மிகவும் உதவும், ஆனால் காத்திருக்காது. டேஷ்கேம் பழையதன் மேலேயே புதியதைப் பதிந்துகொண்டு போகும். வீடியோவைப் பூட்டும் பட்டனை அழுத்துங்கள், முடிந்தால் கார்டையே கழற்றி வையுங்கள். பக்கத்துக் கட்டடத்து சிசிடிவியும் சில நாட்களில், அல்லது சில வாரங்களில் அழிந்துவிடும். அன்றைக்கே போய் நேரத்தைச் சொல்லி, அழியாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் போலீஸையும் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால் கொடுக்க வாய்ப்பு அதிகம்.

வீடியோவிலிருந்து வேகத்தையும் கணக்கிடலாம். 30 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு கம்பங்களை அவர் கார் 54 ஃபிரேமில் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனிப் படங்களில்) கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 1.8 நொடி. அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். "மெதுவாத்தான் வந்தேன்" என்பதற்கு இது பதில் சொல்லும். கேமராவின் கடிகாரம் தப்பாக ஓடியிருந்தால், எவ்வளவு தப்பு என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

நடந்ததை எப்படி எழுதிக்கொடுப்பது?

அன்று ராத்திரியே எழுதுங்கள். நினைவு நாம் நினைப்பதைவிட இளகியது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு விபத்துக் குறும்படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். "மோதி நொறுங்கியபோது" என்ற பொருளில் கேட்டால் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்டால் 31.8 மைல். ஒரே படம்தான். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "நொறுங்கிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

அதனால் நாலு பேரிடம் நாலு விதமாகக் கதை சொல்வதற்கு முன் ஒரு முறை எழுதிவிடுங்கள். எதிர் வண்டிக்காரரும் பொய்தான் சொல்கிறார் என்று இல்லை. அவர் மனதில் அப்படித்தான் பதிந்திருக்கலாம்.

தமிழில் எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாம் பேசும்போது "வண்டி பட்டுடுச்சு", "லேசா உரசிடுச்சு" என்போம். யார் பட்டது, யார் உரசியது என்பதே அதில் இல்லை. நாகரிகமான பேச்சு, ஆனால் வாக்குமூலத்துக்கு ஆகாது. "என் கார் நின்றிருந்தது. முன்னால் நின்ற வெள்ளைக் கார் சுமார் 2 மீட்டர் பின்னால் வந்தது. அதன் பின்பம்பர் என் முன்பம்பரில் இடித்தது" என்று எழுவாயோடு எழுதுங்கள். எது நின்றது, எது நகர்ந்தது, எந்தத் திசையில் என்று இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். "கண்மூடித்தனமாக", "குடிச்சிருப்பாரு போல" என்பதெல்லாம் வேண்டாம். அதைப் படிப்பவர் உங்கள் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்.

ஐரோப்பாவில் இரண்டு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் பொதுவான விபத்துப் படிவம் ஒன்று இருக்கிறது. கட்டங்களில் டிக் அடித்து, படம் வரைந்து, இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அதில் தப்பு யாருடையது என்ற கேள்வியே கிடையாது. கையெழுத்து தப்பை ஒப்புக்கொண்டதாகாது என்று அந்தப் படிவமே சொல்கிறது. உங்கள் ஊரில் அது இல்லாவிட்டாலும் அந்த முறையைக் கடன் வாங்கலாம். "தப்பைப் பத்திப் பேச வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதிக்குவோம்" என்றால் மறுக்கிறவர்கூடப் பல நேரம் கையெழுத்துப் போடுவார்.

எந்த அடிப்படையில் தப்பை முடிவு செய்கிறார்கள்?

1968இல் வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் பல நாட்டு விதிகளுக்கு அடிப்படை. முன்னால் போகும் வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும். திரும்புவது, தடம் மாறுவது, ரிவர்ஸ் எடுப்பது, ஓரத்திலிருந்து கிளம்புவது என எதைச் செய்தாலும் பிறருக்கு ஆபத்தில்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். கதவைத் திறக்கும் முன்னும் அப்படியே. சின்ன மோதல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் வந்துவிடும். பின்னால் இருப்பவர் மேல்தான் தப்பு என்பது முதல் விதியிலிருந்து வந்த ஊகம். எதிராகக் காட்ட முடிந்தால் அது உடையும், என் விஷயத்தில் உடைந்தது.

உண்மையில் என் மேலும் கொஞ்சம் தப்பு இருந்தால்?

சொல்லிவிடுங்கள், உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம். மறைத்தது பிறகு வெளியே வந்தால் பாலிசியே சிக்கலாகும். பெரும்பாலான இடங்களில் தப்பைச் சதவீதமாகப் பிரித்து அதற்கேற்ப நஷ்ட ஈட்டைக் குறைப்பார்கள். பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் துளி தப்பு இருந்தாலும் எதுவும் கிடையாது, 1945இல் இங்கிலாந்தே அதை மாற்றிவிட்டது. அமெரிக்காவின் அலபாமா, மேரிலாண்ட், வட கரோலினா, வர்ஜீனியா போன்ற சில இடங்களில் மட்டும் அந்தப் பழைய விதி இன்னும் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

"ஆளுக்குப் பாதி" என்று முடித்துக்கொள்ளலாமா?

தப்பு உண்மையிலேயே இரண்டு பக்கமும் இருந்தால் முடித்துக்கொள்ளலாம். சோர்வு தாங்காமல் மட்டும் வேண்டாம். பாதி என்று பதிவானால் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அடுத்த பிரீமியமும் அடிபடலாம். முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் ஆதாரம் என்ன எடை பெறும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்சூரன்ஸுக்குப் போகாமல் கைக்காசில் பேசி முடித்தால்?

சேதம் சின்னதாக இருந்து இருவரும் நியாயமாகப் பேசினால் நல்ல வழிதான். ஆனால் மூன்று விஷயம். ஒன்று, கிளெய்ம் போடாவிட்டாலும் மோதலைத் தெரிவிக்க வேண்டும் என்று நிறைய பாலிசிகள் சொல்கின்றன. எதிர்த்தரப்பு ஒரு மாதம் கழித்துக் கிளெய்ம் போட்டால், சொல்லாமல் இருந்தது உங்களுக்கே திரும்பும். இரண்டு, பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் தொகை பேச வேண்டாம். பிளாஸ்டிக் பம்பர் அடிபட்டுவிட்டுப் பழையபடி துள்ளி நிமிர்ந்துகொள்ளும், உள்ளே கிளிப்பும் தாங்கு கம்பியும் சென்சாரும் போயிருக்கும். மூன்று, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் இன்சூரன்ஸுக்குப் போக முடியாது. நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்தபின் உங்கள் இடத்தில் நின்று எதிர்த்தரப்பிடம் வசூலிக்கும். அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்திருந்தால் அவர்கள் உங்களிடம்தான் கேள்வி கேட்பார்கள்.

அவர் போன் செய்து மிரட்டுகிறார்.

"எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள், என் இன்சூரன்ஸ் நிறுவனம் பதில் சொல்லும்." இதைத் தவிர வேறு பேச வேண்டாம். உடல் சார்ந்த மிரட்டல் என்றால் போலீஸ்.

என் நிறுவனமே தப்பு என் மேல் என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. எந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் நீங்கள் அனுப்பிய படம் கோப்பில் சேர்ந்திருக்காது. என் ரிவர்ஸ் லைட் படமும் முதல் சுற்றில் சேரவில்லை. புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை, அதன்பின் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அதற்கும் மேலே பல நாடுகளில் காப்பீட்டுக்கென்றே இருக்கும் குறைதீர்ப்பாளர், கடைசியாகச் சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம். ஒவ்வொரு படிக்கும் காலக்கெடு உண்டு, கடிதம் வந்த அன்றே அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் தரப்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை ரிப்பேர் செய்ய வேண்டாம். செய்தபின்னும் கழற்றிய பாகங்களை ஒர்க்ஷாப்பில் கேட்டு வாங்கி, வழக்கு முடியும்வரை ஒரு சாக்கில் கட்டி வைத்திருங்கள்.